கிண்ணியா மோதினாரின் மகளும் நண்பகல் நிழலும்

ஜூன் மாதம் இருபத்தோராம் திகதி நண்பகலில் திருகோணமலையில் நின்றால் உங்கள் நிழல் எந்தப் பக்கம் விழும்? புத்தகத்தைப் புரட்ட வேண்டாம். செருப்பைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் இறங்கி நின்று பாருங்கள். 1961ஆம் ஆண்டு நாங்கள் எழுதிய ஆசிரியர் போட்டிப் பரீட்சையில் இந்தக் கேள்வி வந்தது. நான் பிழையான விடை எழுதினேன். எனக்கு ஐந்து புள்ளி கிடைத்தது, வேலையும் கிடைத்தது. என்னோடு எழுதிய சித்தி பரீதா சரியான விடை எழுதினாள்; சித்தி என்பது உறவுமுறையல்ல, அவளுடைய பெயர்தான். அவளுக்குப் பூச்சியம். இருபது வருடமாகிறது, இன்னும் இதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முதலில் என்மேல், பிறகுதான் மற்றவர்கள்மேல்.

பரீதா கிண்ணியாவில் ஒரு சின்னப் பள்ளிவாசலின் மோதினார் ஸெய்னுதீனின் மகள். மோதினார் என்றால் பாங்கு சொல்பவர். சூரியன் உச்சியைத் தாண்டி, குறுகிக்கொண்டு வந்த நிழல் மறுபடி நீளத் தொடங்கும்போதுதான் லுஹர் தொழுகைக்கு நேரம் வரும். அந்தப் பள்ளிவாசலின் சுவர் மணிக்கூடு உப்புக் காற்றில் துருவேறி, நினைத்தால் ஓடும், நினைத்தால் நிற்கும். மோதினார் அதை நம்புவதில்லை. வாசலில் நட்ட கம்பின் நிழலைத்தான் நம்புவார். அவருடைய கண்ணில் வெள்ளை படர்ந்த பிறகு நிழலைப் பார்த்துச் சொல்கிற வேலை பரீதாவுக்கு வந்தது. அப்போது அவளுக்கு எட்டு வயது.

பெரியபிள்ளையான பிறகு பள்ளிவாசல் முற்றத்துக்குப் போக ஏலாது. அதற்காக அவள் வேலையை விடவில்லை. தன் வீட்டு வளவில் நாலடிக் கம்பு ஒன்றை நட்டாள். நிழல் திரும்பியதும் வாப்பாவுக்குச் சொல்வாள், அவர் தடியை ஊன்றிக்கொண்டு போய்ப் பாங்கு சொல்வார். அந்தக் குறிச்சி ஆம்பிளைகள் எல்லோரும் ஒரு பெண்பிள்ளையின் கணக்கில்தான் லுஹர் தொழுதார்கள் என்பது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

வெள்ளிக்கு வெள்ளி நண்பகல் நிழலின் நுனி எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு மட்டிச் சிப்பியைப் பதித்து வைப்பாள். மார்கழியில் சிப்பி கம்புக்கு வடக்கே இரண்டரை அடி தள்ளி இருக்கும். பிறகு வாரத்துக்கு வாரம் கம்பை நோக்கி வரும். சித்திரை பிறக்கிற நேரத்தில் கம்பின் காலடியிலேயே நிழல் ஒடுங்கிவிடும். அதன் பின்னால் சிப்பிகள் தெற்குப் பக்கம் நடக்கத் தொடங்கும். ஜூன் கடைசியில் தெற்கே ஓரடிக்குக் கொஞ்சம் மேல். அங்கிருந்து திரும்பி, ஓகஸ்ட் முடிகிறபோது மறுபடியும் கம்பின் காலடி. இதைப் படிக்க அவளுக்கு ஒரு புத்தகமும் தேவைப்படவில்லை.

எங்கள் இரண்டு பேருக்கும் பழக்கம் ரியூசன் வகுப்பில். நான் புஸ்பராணி, திருகோணமலைப் பட்டினத்துக் கடற்கரையில் மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டினத்தில் ஒரு கடைக்கு மேல்மாடியில் இராசதுரை மாஸ்டர் போட்டிப் பரீட்சைக்குப் படிப்பிப்பார். பரீதா வாப்பாவோடு படகில் துறை கடந்து வருவாள். வகுப்பு முடியும்வரை மோதினார் கீழே தேத்தண்ணிக் கடையில் இருப்பார். பரீட்சையில் முதல் எட்டுப் பேருக்கு உதவி ஆசிரியர் வேலை. இருபத்தைந்து வயது தாண்டினால் எழுத விடமாட்டார்கள். பரீதாவுக்கு அது கடைசித் தரம். ஊரில் பெண்பிள்ளைகளுக்குப் படிப்பிக்கப் பெண் வாத்தி இல்லையென்று, அஞ்சாம் வகுப்போடு அவர்களை மறித்துவிடுவார்கள். அந்த வேலை எனக்கு வேணும் என்று அவள் என்னிடம் ஒளிக்காமல் சொன்னாள்.

இராசதுரை மாஸ்டரைக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. நல்ல மனுசன். அவர் ரோணியோ மெசினில் படியெடுத்துக் கொடுத்த நோட்ஸை மாவட்டம் முழுக்கப் பாடமாக்கியது. கிரகணம், பிறைகள், வற்றுப் பெருக்கு, நாலு நிமிடத்துக்கு ஒரு பாகை, எல்லாம் அதில் உண்டு. பதினோராம் பக்கத்தில் ஒரு வரியும் உண்டு: வட அரைக்கோளத்தில் நண்பகல் நிழல் எப்போதும் வடக்கே விழும். எங்கேயோ வடக்கே, சூரியன் ஒருநாளும் உச்சிக்கு வராத குளிர் நாட்டில் எழுதின புத்தகத்திலிருந்து அவர் அதை எடுத்திருக்க வேண்டும். அவர் வாசித்தார், நாங்கள் எழுதினோம். பரீதா மட்டும் பேனையை வைத்துவிட்டு எழும்பினாள்.

“சேர், எங்கட வளவில ஜூன் மாசம் நிழல் தெக்காலதான் விழும்.”

வகுப்புச் சிரித்தது. நானும்தான் சிரித்தேன். கிண்ணியாவுக்கு என்று தனியாக ஒரு சூரியன் வைத்திருக்கிறீர்களோ என்று மாஸ்டர் பகிடியாகக் கேட்டார்.

“இல்ல சேர். உங்கட சூரியனும் அதுதான். நீங்க குடைக்குள்ள நிக்கிறீங்க.”

இதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. மாஸ்டரின் முகம் சுருங்கிவிட்டது. புள்ளி வேண்டுமென்றால் நோட்ஸில் உள்ளதை எழுது, உன் வளவை வளவிலேயே வைத்துக்கொள் என்றார். இறங்கும்போது படியில் அவளைப் பிடித்து, உனக்கேன் இந்த வாய் என்று கேட்டேன். நாலாம் பக்கத்தையும் பதினோராம் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார் என்று மட்டும் சொன்னாள்.

அன்றைக்கே படித்தேன். பூமி இருபத்துமூன்றரைப் பாகை சாய்ந்து சுற்றுகிறது என்று நாலாம் பக்கம் சொன்னது. அதனால் ஜூன் 21இல் சூரியன் கடகக் கோட்டுக்கு நேர் மேலே நிற்கும் என்றும் சொன்னது. நாங்கள் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டரைப் பாகையில். அப்படியென்றால் அன்றைக்குச் சூரியன் எங்களுக்கு வடக்கே பதினைந்து பாகை தள்ளி நிற்க வேண்டும், நிழல் தெற்கே விழ வேண்டும். மாஸ்டரின் நாலாம் பக்கமே அவருடைய பதினோராம் பக்கத்தைப் பொய்யாக்கிக்கொண்டு கிடந்தது. நாங்கள் நாற்பது பேர் இரண்டையும் பாடமாக்கி வைத்திருந்தோம்.

மறுநாள் நண்பகல், வீட்டுக்கு முன்னால் மணலில் ஐயாவின் துடுப்பை நட்டுப் பார்த்தேன். அது ஜூன் மாதம். எங்கள் வீட்டுக்குக் கடல் வடக்கே. நிழல் கடல் பக்கம் கிடக்கவில்லை, ஊர்ப் பக்கம் கிடந்தது. பிறந்த நாள் தொடக்கம் அந்த மணலில் நின்று கருவாடு காயவைத்தவள் நான். எந்த வெயிலில் எந்தப் பக்கம் புரட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும். என் நிழல் எங்கே கிடக்கிறது என்று தெரியவில்லை. நோட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு சூரியனைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். தலையில் அடித்துக்கொண்டேன்.

இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டு யாரும் எனக்குப் பரிந்து பேச வேண்டாம். ஜூலையில் பரீட்சை. அந்தக் கேள்வி அப்படியே வந்தது. திருகோணமலையில் ஜூன் 21 நண்பகலில் நிலைக்குத்தான கம்பின் நிழல் எத்திசையில் விழும், படம் வரைந்து விளக்குக. ஐந்து புள்ளி. எனக்கு விடை தெரியும். கண்ணால் கண்டவள். ஆனால் திருத்துகிறவர்களும் அதே நோட்ஸில் படித்தவர்கள்தான் என்பதும் தெரியும். வடக்கு என்று எழுதி, அழகாகப் படமும் கீறினேன். எனக்கு முன் வாங்குப் பலகையில் இருந்த பரீதா கம்பையும் சிப்பிகளையும் கீறிக்கொண்டிருந்தாள்.

செப்டெம்பர் நடுவில் முடிவு ஒட்டினார்கள். எட்டாவது பெயர் என்னுடையது. ஒன்பதாவது சித்தி பரீதா. இரண்டு புள்ளி வித்தியாசம்.

அவள் அழுதிருப்பாள் என்று நினைத்தேன். அவள் மனு எழுதிக்கொண்டு கல்விக் கந்தோருக்குப் போனாள். என்னையும் வரச்சொன்னாள், போனேன். எட்டாவது ஆள் நான்தான் என்பது அவளுக்குத் தெரியும். அதைப்பற்றி வழியில் ஒரு கதையும் இல்லை. அங்கே பொறுப்பாக இருந்தவர் குணரத்தினம் என்பவர். நேர்மையான ஆள் என்றுதான் பெயர். மனுவை வாசித்துவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தார். பன்னிரண்டு. இதில் வழக்கென்ன, கையோடு பார்த்துவிடலாமே என்று கதிரையை விட்டு எழும்பினார்.

“சேர், இண்டைக்கு வடக்கதான் விழும்,” என்றாள் பரீதா. “சூரியன் ரெண்டு கிழமைக்கு முதல் எங்கட உச்சியத் தாண்டித் தெக்க போயிட்டுது. நான் கேக்கிறது ஜூன் மாசத்து நிழலை.”

அவர் கேட்கவில்லை. குடையை முற்றத்தில் குத்தி நிறுத்தினார். நிழல் நாலு விரல் நீளத்துக்கு வடக்கே கிடந்தது. கந்தோர்க்காரர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். நீரே ஒத்துக்கொள்கிறீர், பிறகு எதற்கு மனு என்று கேட்டார். அவள் பாகைக் கணக்கைத் தொடங்க, அவர் கையைக் காட்டி மறித்தார். ஜூன் மாதம் வருவதற்குள் எட்டுப் பேரும் வேலையில் இருப்பார்கள், அவளுக்கு வயதும் தாண்டிவிடும். சூரியன்கூட அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்ன மாதிரி இருந்தது எனக்கு.

அவள் அசையவில்லை. “அப்ப நீங்க பாத்ததை மனுவில எழுதித் தாங்க சேர். திகதியும் போடுங்க.”

அவருக்கு அது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். எழுதினார். நேரிற் பரிசோதிக்கப்பட்டது. நண்பகலில் நிழல் வடக்கே விழுகிறது. விடை மாற்றப்படாது. கையொப்பம், முத்திரை, திகதி. வெளியே வந்ததும் அவள் அந்தத் திகதியைத்தான் பார்த்தாள். இன்றைக்கு ஒரு திகதி போட்டவர் ஜூனில் இன்னொரு திகதி போடத்தான் வேண்டும் என்றாள். அவள் வென்றால் எனக்கு வேலை போகும். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஜனவரியில் தம்பலகாமத்தில் ஒரு பாடசாலையில் வேலையேற்றேன். பெப்ரவரியில் எட்டுக் கிரகமும் ஒன்றுகூடி உலகம் அழியப்போகிறது என்று நாடெல்லாம் நடுங்கியது. கோயிலில் யாகம், கடையில் அரிசிக்கு அடிபிடி. பரீதாவிடமிருந்து எனக்கு ஒரு போஸ்ட்காட் வந்தது. எட்டுக் கிரகத்துக்குப் பயப்படுகிற சனம் ஒரு தரம் குனிந்து தன் நிழலைப் பார்க்கிறதாகத் தெரியவில்லை என்று எழுதியிருந்தாள். ஜூன் தொடக்கத்தில் இன்னொன்று வந்தது. 21ஆம் திகதி வியாழக்கிழமை, நண்பகல், கந்தோர் முற்றம். உன்னை வா என்று சொல்லவில்லை, நடக்கப்போகிறது என்று சொல்கிறேன். அவ்வளவுதான் எழுதியிருந்தாள்.

லீவு எடுத்துக்கொண்டு போனேன். கால் பின்னுக்கு இழுத்தது, ஆனாலும் போனேன்.

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தது. பரீதா வளவுக் கம்பையே பிடுங்கிக்கொண்டு வந்திருந்தாள். கம்பு நேராக நிற்கிறதா என்று பார்க்க நூலில் ஈயக்குண்டு கட்டித் தொங்கவிட்டாள். குண்டு காற்றில் ஆடாதபடி மோதினார் சால்வையை விரித்து மறைத்துப் பிடித்தார். பக்கத்து நில அளவைக் கந்தோரில் இருந்து ஒருவர் காம்பஸ் கொண்டுவந்து வைத்தார். வேடிக்கை பார்க்க முப்பது நாற்பது பேர் கூடிவிட்டார்கள். துறைமுகத்துப் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது. குணரத்தினம் வெளியே வந்து, சரி, நேரமாயிற்று, பார்ப்போம் என்றார்.

“இன்னும் ஏழு நிமிசம் கிடக்கு சேர்,” என்றாள். நாட்டு மணிக்கூடு எண்பத்திரண்டரைப் பாகை நெடுங்கோட்டுக்கு வைத்தது, நாங்கள் எண்பத்தொன்றேகாலில் இருக்கிறோம், பாகைக்கு நாலு நிமிடப்படி ஐந்து நிமிடம் பிந்துகிறோம், மிச்ச இரண்டு நிமிடம் இந்த மாதத்துச் சூரியனின் சுணக்கம் என்று நின்ற நிலையில் கணக்குச் சொன்னாள். ஒருவரும் சிரிக்கவில்லை. கந்தோர்க்காரர்கள் தங்கள் கைமணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு வெயிலில் நின்றார்கள்.

ஏழு நிமிடம் முடிந்தது. நிழல் தெற்கே கிடந்தது. அடிமட்டம் வைத்தாள். ஓரடி ஓரங்குலம்.

குணரத்தினம் குனிந்து பார்த்தார். காம்பஸைப் பார்த்தார். பிறகு தன் காலடியில் கிடந்த சொந்த நிழலைப் பார்த்தார். அதுவும் தெற்கேதான் கிடந்தது. அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். ஐம்பது வயது மனுசன், அன்றைக்குத்தான் தன் நிழலை முதல் தரம் காண்கிறார்.

அவளைத் தனியாகக் கூப்பிட்டார், அவள் போகவில்லை. எல்லோருக்கும் கேட்கவே சொன்னார். “பிள்ளை, நீர் சொன்னது சரி. ஆனா உமக்கு இந்தப் புள்ளியைப் போட்டா எட்டாவதா வந்த பிள்ளை கீழ போகும். ஆறு மாசமாப் படிப்பிக்கிற பிள்ளையை வீட்ட அனுப்பச் சொல்லுறீரோ?”

பரீதா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கூட்டத்தின் பின்னால் நின்றேன். “புஸ்பம், நீ என்னில கோவிச்சாலும் சரி,” என்றாள். “பொய்க்கு ஓம் எண்டு சொல்ல எனக்கு ஏலாது.” பிறகு அவரிடம், “எழுதுங்க சேர்,” என்றாள்.

ஒன்றும் பேசாமல் நின்றிருக்கலாம். ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. ஆனால் சனத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன்.

“எட்டாவது ஆள் நான்தான் ஐயா. தெற்கு எண்டு எனக்கும் தெரியும். தெரிஞ்சுதான் வடக்கு எண்டு எழுதினனான்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மனுவை வாங்கினார். செப்டெம்பரில் எழுதின குறிப்புக்குக் கீழே எழுதினார். மீண்டும் பரிசோதிக்கப்பட்டது. 21.6.62. நிழல் தெற்கே விழுகிறது. முன்னைய குறிப்புப் பிழை. கையொப்பமும் வைத்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

கடுதாசி மேலிடத்துக்குப் போய் ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. சித்தி பரீதாவுக்கு ஐந்து புள்ளி வழங்கப்படுகிறது. வயதெல்லை தாண்டியதால் நியமனம் வழங்க முடியாது. ஏற்கெனவே நியமனம் பெற்றவரை நீக்குவதில்லை. இதுதான் நியாயம் என்று மூன்று வரியில் அடித்து அனுப்பியிருந்தார்கள். நான் வேலையை விடுவதாகக் கடிதம் எழுதி, மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கிண்ணியாவுக்குப் போனேன்.

அவள் வளவில் பாய் விரித்து ஆறு பெண்பிள்ளைகளை இருத்தி வைத்திருந்தாள். அஞ்சாம் வகுப்போடு மறிக்கப்பட்டவர்கள். கம்பு பழைய இடத்தில் நின்றது. பள்ளிக்கூடம் அவளுக்குக் கொடுக்காத வகுப்பை அவளே தொடங்கிவிட்டாள். ஊரில் இரண்டு பேர் வந்து சத்தம் போட்டார்களாம். உங்கள் லுஹருக்கு இத்தனை வருடம் நேரம் சொன்னவள் நான்தான், இனி வேறு ஆள் பாருங்கள் என்றாளாம். திரும்பிப் போய்விட்டார்களாம். அந்த வகுப்பு இன்றைக்கும் நடக்கிறது. பாய்தான் வாங்காக மாறியது, ஆறு அறுபதானது. அதில் படித்த அசனாவும் றுக்கியாவும் இப்போது கிண்ணியாவில் சம்பளத்துக்குப் படிப்பிக்கிற டீச்சர்மார்.

என் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். வாசித்தாள். கோபம் வந்துவிட்டது அவளுக்கு. அந்தக் கோபத்தை நான் மாஸ்டரின் வகுப்பிலும் காணவில்லை, கந்தோரிலும் காணவில்லை.

“இது ஆருக்குப் புஸ்பம்? எனக்கா? எனக்கு இந்தக் கடுதாசியால என்ன வரப்போகுது? நீ விட்டுட்டுப் போனா அந்தக் கதிரையில இன்னொருத்தன் வந்து இருந்து, வடக்கு எண்டுதான் படிப்பிப்பான். அவனுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். இருந்து படிப்பி.”

கடிதத்தை நாலாகக் கிழித்து என் கையிலேயே தந்தாள். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்றைக்குத் துறையடிவரை அவளும் மோதினாரும் வந்து என்னை ஏற்றிவிட்டார்கள்.

அந்த வருடம் ஜூன் 21 வெள்ளிக்கிழமை. தம்பலகாமத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கம்பு நட்டேன். பெரிய வாத்தியார் வந்து, வெயிலில் பிள்ளைகளை ஏன் வாட்டுகிறீர், நோட்ஸ் கொடுத்தால் போதும் என்றார். போதாது என்றேன். மேலிடத்துக்கு எழுதுவேன் என்றார். எழுதுங்கோ, திகதியும் போடுங்கோ என்றேன். அவர் கந்தோருக்குள் போய்விட்டார். நிழல் தெற்கே விழுந்ததைப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். இலட்சுமி என்ற பிள்ளை கையிலிருந்த இராசதுரை மாஸ்டரின் ரோணியோத் தாளைப் பார்த்துவிட்டு, “டீச்சர், இதில வடக்கு எண்டெல்லோ கிடக்கு?” என்று கேட்டாள்.

“ஓம், கிடக்கு,” என்றேன். “அப்பிடி எழுதித்தான் நான் இந்த வேலையை எடுத்தனான். சரியா எழுதின ஆளுக்கு வேலை குடுக்கேல்லை. அவ கிண்ணியாவில இருக்கிறா. அந்த வரியை வெட்டிப்போட்டு, அதுக்கு மேல அவவின்ர பேரை எழுதுங்கோ.”

நான் பெயரை இரண்டு தரம் சத்தமாகச் சொன்னேன். முப்பத்திரண்டு பிள்ளைகளும் வெயிலில் குந்தியிருந்து, தொடையில் தாளை வைத்து எழுதினார்கள்.